அப்பா குடித்த மருந்து

லண்டன் ஹரோவில் யோகலிங்கம் வீட்டுக் குசினியில் இரண்டு கிழமையாக ஒரு ரகசியம் கொதித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கிழமைதான் இந்தத் தொடருக்கு வந்து சேர்ந்தவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் கஜந்தினிக்கு இருபத்தாறு வயது, கவுன்சிலில் வேலை. மாதம் தவறாமல் வயிற்றுக் குத்து வந்து அவளை இரண்டு நாள் சுருட்டிப் போட்டுவிடும். டொக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே கோளாறு எதுவும் தெரியவில்லை என்று நோவைக் குறைக்கும் குளிசை கொடுத்தார். குளிசை அவளுடைய வயிற்றைப் புரட்டியது. போன மாதம் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் மயங்கி விழுந்த பிறகு, கூட வேலை செய்யும் ஷெறோன் அவளை ஒரு சீன வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மிஸஸ் ஹுவாங் என்ற அந்த அம்மா நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கணுக்காலுக்கு மேலே மெல்லிய ஊசிகளைக் குத்தினார். வேரும் பட்டையுமாகக் கொஞ்சம் பொட்டலங்களும் கொடுத்தார்.

தாய் சிவகௌரி முதலில் துள்ளிக் குதித்தாள். "எங்களுக்கும் இருந்ததுதானே. நாங்கள் என்ன சீனாவுக்கோ போனனாங்கள்?" என்று கேட்டவள், மகள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் கடைசியில் தானே சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

ஆனால் ஒரு கட்டளை போட்டாள். அப்பாவுக்குத் தெரியக்கூடாது. வருகிற ஞாயிறு கிழக்கு லண்டன் பார்க்கிங்கில் இருந்து நிஷாந்தன் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். யோகலிங்கத்தின் வாயில் ஒன்றும் தங்காது. 'பெட்டைக்குக் கர்ப்பப்பையில ஏதோ வருத்தமாம்' என்று ஒரு சொல் பார்க்கிங் போய்ச் சேர்ந்தால் அத்தோடு கதை முடிந்தது. அதுதான் அவளுடைய பயம்.

வியாழக்கிழமை காலையும் வழமைபோலவே விடிந்தது. ஜன்னலைத் திறந்து, புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டு, மணத்தை மறைக்க ஊதுபத்தியும் கொளுத்தி வைத்துவிட்டுச் சிவகௌரி மருந்தைக் காய்ச்சினாள். வடித்ததைத் தெர்மோஸ் ஃபிளாஸ்கில் ஊற்றிக் கேத்திலுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் ஒரு கோப்பை, மிச்சம் பின்னேரம் வேலை முடிந்து வந்து. அதுதான் கணக்கு.

கஜந்தினி மூக்கைப் பொத்திக்கொண்டு காலைப் பங்கை விழுங்கினாள்.

"நாரி, இடுப்பு லேசா நோகத் தொடங்கிட்டுது, அம்மா. இண்டைக்கு வந்திடும் போல."

"லீவு போடன்."

"வேண்டாம். இந்த முறை கொஞ்சம் ஓகே. பின்னேரம் மிஸஸ் ஹுவாங்கிட்ட அப்பொயின்ட்மென்ட் இருக்கு, நீங்களும் வாறீங்கள்தானே?"

சிவகௌரி மாடிப்படியைக் கண்ணால் காட்டி மெதுவாகக் கதைக்கச் சொன்னாள். மேலே யோகலிங்கம் பல் தீட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கும் அன்று ஒரு அலுவல் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இதயத்தில் வால்வு மாற்றிய மனிதர் அவர். ரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தினமும் குளிசை போடவேண்டும். அது கூடாமல் குறையாமல் நிற்கிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்ப்பார்கள். சிவகௌரிக்கு அன்று ஷிப்ட் இல்லாததால் அவளும் கூடப் போனாள்.

காரில் ஏறும்போது அவருடைய முழங்கைக்குக் கீழே நீலமாகக் கன்றிப்போன ஒரு கண்டலைப் பார்த்தாள்.

"இதென்னப்பா?"

"அரிசி மூட்டை தூக்கேக்க பட்டிருக்கும். நீர் சும்மா இரும்."

கிளினிக்கில் இருந்தது தாதி பெர்னடெற். யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பிள்ளை, நாற்பது வயது இருக்கும். தமிழ் ஆட்களைக் கண்டால் ஆங்கிலத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கதைப்பாள். யோகலிங்கத்துக்கு அது பெரிய பிடிப்பு. மாதாமாதம் விரலைக் கொடுத்துவிட்டு ஊர்ச் செய்தியும் புதினமும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்று பெர்னடெற் புதினம் சொல்லவில்லை. மெஷினைப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தி மறுபடியும் பார்த்தாள்.

"அண்ணை, உங்களுக்கு மூண்டுக்குக் கிட்ட நிக்க வேணும். இண்டைக்கு அஞ்சைத் தாண்டி நிக்குது."

"கூடினா நல்லதுதானே?"

"நல்லதில்லை. ரத்தம் தேவைக்கு மிஞ்சி இளகிப்போச்சு. எங்கையாவது உடைச்சா நிப்பாட்டுறது கஷ்டம். பல்லுத் தீட்டேக்க ரத்தம் வாறதோ?"

"கொஞ்சம் வாறது. பிரஷ் சரியில்லை எண்டு நினைச்சன்."

சிவகௌரியின் கண் அந்த நீலக் கண்டலுக்குப் போனது. பெர்னடெற்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிசை ரெண்டு தரம் போட்டனீங்களோ? வேற ஏதும் மருந்து? அன்டிபயோட்டிக்? குடிவெறி?"

"ஐயோ பிள்ளை, நான் இப்ப தேத்தண்ணிக்கே சீனி போடுறதில்லை."

"மூலிகை, கசாயம் அப்பிடி ஏதாவது?"

"கசாயமோ? அப்பிடி ஒண்டுமில்லை. கொத்தமல்லிக் குடிநீர்தான். தடிமன், இருமல் பிடிச்ச நாளில இருந்து கௌரி ஒவ்வொரு நாளும் அவிச்சு வைக்கிறவ."

சிவகௌரி திரும்பிப் பார்த்தாள். "நானோ?"

"பின்ன ஆர்? ஃபிளாஸ்கில விட்டு கேத்திலுக்குப் பக்கத்தில வைக்கிறனீர்தானே. பிள்ளை வேலைக்குப் போனாப் பிறகு நான் ஒரு கிளாஸ் குடிக்கிறனான். நல்ல கறுப்பு, பொல்லாத கைப்பு. பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிச்சா ஒண்டும் தெரியாது."

சிவகௌரிக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு கிழமைக்கு முன் அவர் இருமிக்கொண்டு திரிந்தபோது, 'பொறுங்கோ, குடிநீர் அவிச்சுத் தாறன்' என்று அவள் சொன்னது உண்மை. சொன்னதோடு மறந்துவிட்டாள். அதே கிழமைதான் பொட்டலங்கள் வீட்டுக்கு வந்தன. எங்களுடைய வீடுகளில் அடுப்படியில் கறுப்பாய்க் கைப்பாய் ஒரு தண்ணீர் இருந்தால் அது குடிநீர்தான். கேள்வி கேட்டு யாரும் குடிப்பதில்லை. மிஸஸ் ஹுவாங் 'இது உனக்கு மட்டும், வேறு யாரும் தொடக்கூடாது' என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்தக் கண்றாவியை வேறு யார் தொடப்போகிறார்கள் என்று இவள் சிரித்திருந்தாள்.

"கொத்தமல்லி இந்த வேலை செய்யாது, அண்ணை" என்றாள் பெர்னடெற். "காரணம் தெரியாட்டி டொக்டர் வேற சோதினை எல்லாம் செய்யச் சொல்லுவார்."

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் சிவகௌரிக்குத் தோன்றியது. ஃபிளாஸ்கை ஒளித்துவிட்டால் நாளையில் இருந்து மனுசன் குடிக்கமாட்டார், ரத்தமும் சரியாகிவிடும். ஒரு வெள்ளைக்காரத் தாதியாக இருந்தால்கூட ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். இவள் பாசையூர். பார்க்கிங்கில் இவளுக்கு மச்சாள் ஒருத்தி இல்லாமலா இருக்கும்? நிஷாந்தனின் தாயும் அந்த மச்சாளும் ஒரே கடையில் மரக்கறி வாங்குகிறவர்களாக இருந்தால்?

யோகலிங்கம் ஒன்றும் விளங்காமல், குத்துப்பட்ட விரலைப் பஞ்சால் அழுத்தியபடி அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"அது கொத்தமல்லி இல்லை, தங்கச்சி" என்றாள். "அது இவருக்கு அவிச்சதும் இல்லை. பிள்ளையின்ர மருந்து. சீன மருந்து."

"என்னத்துக்கு, அக்கா?"

"அவளுக்கு மாசாமாசம் வயித்துக் குத்து. சும்மா குத்து இல்லை. சுவரைப் பிடிச்சுக்கொண்டு அழுவாள்."

கல்யாணம் கட்டி இருபத்தெட்டு வருஷத்தில் கணவனுக்கு முன்னால் இந்தப் பேச்சை அவள் இவ்வளவு நேராக எடுத்ததே இல்லை. தனக்கு வந்த நாட்களில்கூட 'சுகமில்லை' என்ற ஒரு சொல்லோடு சமாளித்தவள்.

பெர்னடெற் சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. மகளுக்கு ஃபோன் எடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் கஜந்தினியின் குரல் வந்தது. பொட்டலத்தில் இருக்கும் பெயர்களைத் தன் ஃபோனில் இருந்த படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள். 'டொங் குவாய்' என்ற இடத்தில் பெர்னடெற் எழுதுவதை நிறுத்தினாள்.

"அந்த வேர் இந்தக் குளிசையோட சேரக்கூடாது. ரத்தத்தை இன்னும் இளக்கிப்போடும். பெரும்பாலும் இதுதான் காரணமா இருக்கும்."

"வெயிட், அப்பாவா குடிச்சவர்?" கஜந்தினி இடைமறித்தாள். "பின்னேரம் வந்து பார்க்க ஒவ்வொரு நாளும் குறைஞ்சுதான் இருந்தது. குறைஞ்சா நல்லதெண்டு நான் பேசாம விட்டிட்டன். அப்பா, ஐ'ம் ஸோ ஸொறி."

"அழாதை பிள்ளை. அப்பா நல்லாத்தான் இருக்கிறன்" என்றார் யோகலிங்கம்.

பெர்னடெற் டொக்டரிடம் போனாள். அவள் திரும்பி வரும்வரை சிவகௌரி கும்பிடாத தெய்வம் இல்லை. பார்க்கிங், நிஷாந்தன், கர்ப்பப்பை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இந்த மனுசனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"பயப்பிடத் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டே பெர்னடெற் கதவைத் திறந்தாள். "இண்டைக்கு இரவுக் குளிசையை விடச் சொல்லுறார். நாளைக்குக் காலமை வாங்கோ, திரும்பப் பாப்பம். தலையில கிலையில அடிபட்டாலோ எங்கையாவது ரத்தம் வந்தாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போக வேணும். அந்தக் கறுப்புத் தண்ணியின்ர பக்கமே போகக்கூடாது."

சிவகௌரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். எழும்பும்போது பெர்னடெற் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"நீங்கள் சொன்னது நல்லதாப் போச்சு, அக்கா. இந்தக் கதை இந்தக் கதவுக்கு அங்கால போகாது. போனா என்ர வேலையும் போயிடும்."

கார் தரிப்பிடத்தில் யோகலிங்கம் காரை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஏச்சு விழப்போகிறது என்று சிவகௌரி காத்திருந்தாள்.

"எனக்கெண்டு நினைச்சன்" என்றார்.

"என்னத்தை?"

"விடியப்புறம் எழும்பி, குளிருக்க நிண்டு, எனக்கெண்டு அவிச்சு வைக்கிறீர் எண்டு. ஒப்பரேஷன் முடிஞ்ச புதுசில அப்பிடிப் பாத்தனீர். பிறகு உமக்கும் வேலை, எனக்கும் வேலை. இப்பதான் திரும்பவும் என்னை நினைச்சிருக்கிறீர் எண்டு சந்தோஷமாக் குடிச்சனான்."

சிவகௌரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கைக்கேல்லையோ உங்களுக்கு?"

"கைச்சது. நீர் வச்சதெண்டு குடிச்சன்."

ஏசியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு நொந்திருக்காது. அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளைக்கு இது எப்ப தொடக்கம்?"

"பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்ட காலத்தில இருந்து."

"ஒரே வீட்டில இருக்கிறன், எனக்குத் தெரியாதே."

"அறைக் கதவைச் சாத்தினால் படிக்கிறாள் எண்டு நினைப்பீங்கள். நானும் அப்பிடியே நினைக்க விட்டிட்டன்."

அவர் எதையோ யோசித்தார். "ஏ லெவல் சோதினைக்கு ஒரு நாள் போகாமல் நிண்டவள். காய்ச்சல் எண்டனீர். நான் கள்ளக் காய்ச்சல் எண்டு பேசின பேச்சுக்கு அவள் ஒரு வார்த்தை திருப்பிக் கதைக்கேல்லை."

"நான்தான் வாயைத் திறக்காதை எண்டனான்."

"நல்ல தாயும் தேப்பனும்" என்றுவிட்டுக் காரை எடுத்தார். சிவகௌரிக்கு அது சுட்டது. ஆனாலும் இரண்டு கிழமையில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. ஒளிக்க ஒன்றுமில்லாமல் மனுசனுக்குப் பக்கத்தில் இருப்பது எவ்வளவு சுகம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பின்னேரம் மகளைச் சீன வைத்தியரிடம் தானே கூட்டிப்போவதாக அவர் பிடிவாதமாக நின்றார். வேலையிடத்து வாசலில் இருந்து காருக்குக் கஜந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அப்பாவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கையை எடுத்தாள்.

"பிடிச்சுக்கொண்டு இரு பிள்ளை. எனக்குத் தெரியும்" என்றார் யோகலிங்கம். அவள் பின் சீட்டில் ஏறி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா என்று சிவகௌரி எட்டிப் பார்க்கவில்லை.

மிஸஸ் ஹுவாங்கின் இடம் முடிவெட்டும் கடைக்குப் பக்கத்தில் ஒடுங்கலான ஒரு முன்னறையும், திரை போட்ட ஒரு பின்னறையும். கஜந்தினி மத்தியானமே ஃபோனில் எல்லாம் சொல்லியிருந்தாள். யோகலிங்கத்தைக் கண்டதும் அந்த அம்மா தன் தலையில் கை வைத்தார். உன் நாடியை நான் தொடமாட்டேன், நீ ஆஸ்பத்திரி ஆள் என்று ஆங்கிலத்தில் கறாராகச் சொன்னார். யோகலிங்கம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

பிறகு மிஸஸ் ஹுவாங் மகளுடைய மருந்தை மாற்றினார். இனி அவிப்பும் இல்லை, ஃபிளாஸ்க்கும் இல்லை. சிறு பைகளில் தூளாகத் தருவார். அதை அவள் தன் கைப்பைக்குள் வைத்திருந்து, வேலையிடத்தில் சுடுதண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். அடுத்த மாதங்களிலும் இந்த நோ குறையாவிட்டால் தன்னையே நம்பி இருக்காமல் டொக்டரிடம் திரும்பப் போய் விடாப்பிடியாகக் கேட்கவேண்டும் என்றும் சொன்னார். அந்தச் சொல்லில்தான் சிவகௌரிக்கு அந்த அம்மாவில் முழு நம்பிக்கை வந்தது.

திரைக்குப் பின்னால் கஜந்தினி கட்டிலில் படுத்தாள். சிவகௌரி தலைமாட்டில் நின்றாள். கணுக்காலுக்கு மேலே ஊசிகள் ஏறின. அடிவயிற்றுக்கு மேலே சூட்டு விளக்கை இழுத்து வைத்தார் மிஸஸ் ஹுவாங். காய்ந்த இலையில் சுற்றிய சுருட்டுப் போன்ற ஒன்றைக் கொளுத்தி, பாதத்தோரமாகச் சூடு காட்டினார். புகையின் மணம் அறையை நிறைத்தது.

"நோகுதோ, பிள்ளை?" திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து யோகலிங்கம் கேட்டார்.

"ஊசி நோகேல்லை, அப்பா."

"வயிறு?"

இந்தக் கேள்வியை அவர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. கஜந்தினி தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டினாள்.

"நோகுது. ஆனா இப்ப கொஞ்சம் இறங்குது."

"சரி. நான் இஞ்சதான் இருக்கிறன்."

ஊசி வேலை செய்ததோ, சூடு வேலை செய்ததோ, அப்பாவின் குரல்தான் வேலை செய்ததோ, சொல்லத் தெரியவில்லை. இறுக்கிப் பிடித்திருந்த தோள்கள் தளர்ந்து, கொஞ்ச நேரத்தில் அவள் நித்திரையாகிவிட்டாள். முதல் நாள் நோவில் மகள் நித்திரை கொள்வதைச் சிவகௌரி அன்றுதான் பார்த்தாள். மெதுவாகக் குனிந்து அவளுடைய நெற்றியில் கொஞ்சினாள்.

வீட்டுக்கு வந்ததும் கஜந்தினி மாடிக்குப் போகவில்லை. முன் ஹோலில் சோபாவில் சுடுதண்ணீர்ப் பையோடு சாய்ந்துகொண்டாள். யோகலிங்கம் எதிர்க் கதிரையில் இருந்து செய்தி பார்த்தார். பை ஆறினால் அவரே எழும்பிப்போய்ச் சுடுதண்ணீர் மாற்றிக்கொண்டு வந்தார். சிவகௌரி குசினியில் இரவுக்குப் புட்டு அவித்தபடி, இதெல்லாம் நடக்கிறதா என்று இடைக்கிடை எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் வீட்டு ஃபோன் அடித்தது. யோகலிங்கம் எடுத்தார்.

"ஓ, வணக்கம். சொல்லுங்கோ. ஓம், ஞாயிற்றுக்கிழமைதான்."

நிஷாந்தனின் தாய். பார்க்கிங்கில் இருந்து. சிவகௌரி மாவுக் கையோடு ஓடிவந்து, வாயில் விரல் வைத்துக் காட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையாலும் காட்டினாள்.

யோகலிங்கம் அவளைப் பார்த்தார். பிறகு சோபாவில் கிடந்த மகளைப் பார்த்தார்.

"ஒரு விஷயம் தங்கச்சி, குறை நினையாதையுங்கோ. ஞாயிற்றுக்கிழமையை ஒருக்காத் தள்ளி வைப்பமோ? பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு. ஓமோம், மாசாமாசம் வாறதுதான். அவளுக்குக் கடுமையான வயித்து நோ. மருந்து எடுக்கிறாள். ஞாயிறளவில நோ குறைஞ்சிடும்தான், ஆனா களைச்சுப்போய் இருப்பாள். அடுத்த கிழமை வாங்கோ, வடிவா இருந்து கதைப்பம்."

சிவகௌரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் இருந்து சத்தமே இல்லை. யோகலிங்கம் ஃபோனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தார், லைன் இருந்தது. கடைசியில் அந்த அம்மா ஏதோ சொல்வது கேட்டது.

"ஓம், முழிச்சுத்தான் இருக்கிறாள்" என்று சொல்லி, அவர் மகளிடம் நீட்டினார். "உன்னோட கதைக்க வேணுமாம். தனிய."

கஜந்தினி எழும்பி உட்கார்ந்தாள். ஃபோனை வாங்கி, "ஓம் அன்ரி" என்றாள். சுடுதண்ணீர்ப் பையை ஒரு கையால் வயிற்றோடு அணைத்தபடி வீட்டு நடைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏனப்பா சொன்னனீங்கள்?" சிவகௌரி கிட்ட வந்து கேட்டாள். "எல்லாம் கெட்டுப்போகப்போகுது."

"அவள் நாளைக்கு அங்கதானே போய் இருக்கப்போறாள், கௌரி. முதல் மாசமே தெரியத்தானே போகுது. அண்டைக்குத் தெரிஞ்சு முகம் சுளிக்கிற ஆக்கள் எண்டால், இண்டைக்கே தெரியட்டும்."

சிவகௌரி அவருடைய கதிரையின் கைப்பிடியில், மாவுக் கையோடு, மெதுவாக உட்கார்ந்தாள். அவர் டிவிச் சத்தத்தைக் குறைத்தார். கதவுக்குப் பின்னால் கஜந்தினியின் குரலே கேட்கவில்லை. அந்த அம்மாதான் நெடுநேரமாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். என்ன பேசினார் என்பதை அடுத்த கிழமை சொல்கிறேன்.